வெருண்ட பிள்ளையின் மூளையில் நடப்பதும் பெரியவர்கள் செய்யக்கூடியதும்

முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கத்து ஆரம்பப் பாடசாலை ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: தரம் 4 பையன். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் மேசைக்குக் கீழே போய் ஒடுங்குகிறான். பின்னாலிருந்து தொட்டால் திரும்பி அடிக்கிறான். சொல்லிக்கொடுத்த கணக்கை அடுத்த நிமிடமே மறந்துவிடுகிறான். தகப்பன் குடித்துவிட்டுத் தாயை அடிப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன். இரவில் காட்டுக்கரையில் யானைவெடி (யானையை விரட்டப் போடும் வெடி) கேட்டால் விடியும்வரை நித்திரை இல்லை; படுக்கையையும் நனைக்கிறான். நூல் கட்டியும் பார்த்தாயிற்று. "இவன்ர மூளை பழுதாப் போச்சோ? கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்கான் எடுக்க வேணுமோ? வகுப்பில நான் என்ன செய்யிறது?"

பழுதாகவில்லை. ஆபத்து நிறைந்த வீட்டில் தப்பி இருக்க என்ன வேண்டுமோ அதை அந்த மூளை நன்றாகவே பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம் வகுப்பறைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஸ்கானும் வேண்டாம். மனவடு, அதாவது கடும் அனுபவம் மனத்தில் விட்டுப்போகும் காயம், பற்றிய ஆய்வுகளில் காட்டப்படும் மூளை வித்தியாசங்கள் பல பிள்ளைகளின் சராசரியை ஒப்பிடும்போது தெரிபவை. தனி ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து "இது மனவடு" என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ கதை வேறு. அப்போது வைத்தியரே ஸ்கான் கேட்பார்.

சத்தம் கேட்ட நொடியில் நடப்பதைப் பார்ப்போம். மூளையின் உட்பகுதியில் உள்ள அமிக்டலா ஆபத்தை மோப்பம் பிடிக்கும் இடம். சத்தம் எங்கிருந்து வந்தது, யார் சாத்தினார்கள் என்று மூளையின் மேற்பகுதி யோசித்து முடிப்பதற்கு முன்பே அது உடலுக்கு எச்சரிக்கை கொடுத்துவிடும். விநாடிக்குள் அட்ரினலின் பாய்கிறது: நெஞ்சு படபடக்கும், கை கால் இறுகும், வயிறு பிசையும். அதற்குப் பின்னால் மெதுவாகக் கோட்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோன் ஏறுகிறது. அது இரத்தத்தில் உச்சத்துக்கு வர ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். இந்தக் கணக்கு ஆசிரியருக்கு மிகவும் பயன்படும். வெருண்டு போன பிள்ளையிடம் அடுத்த ஐந்தாவது நிமிடம் "ஏன்டா அவனுக்கு அடிச்சனீ?" என்று விசாரணை வைத்தால் பதில் வராது, வந்தாலும் பொய்யாக வரும். அரை மணித்தியாலம் விட்டுக் கதையுங்கள்.

நினைவுக்கு இடமும் காலமும் எழுதிவைப்பது மூளையில் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி. தாங்க முடியாத பயத்தில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. சத்தம், சாராய மணம், வியர்வை எல்லாம் பதிவாகும். "இது போன வருடம், எங்கள் வீட்டுக் குசினியில்" என்ற குறிப்பு மட்டும் ஒட்டாமல் போகும். அதனால் அதே மணம் வந்தால் உடலுக்கு அது பழைய நினைவாகத் தோன்றாது, இப்போது நடப்பதாகவே தோன்றும். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை, பயத்தை அடக்கவும் சொன்னதை மனத்தில் வைத்திருந்து செய்யவும் உதவுவது. அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். அமிக்டலா அடிக்கடி கூச்சலிடும் பிள்ளையில் இந்த அடக்கும் பகுதிக்கு வேலை செய்ய இடம் கிடைப்பதில்லை. "கொப்பியை எடு, திகதி போடு, மூன்றாவது கணக்கைச் செய்" என்று மூன்று கட்டளை சேர்த்துச் சொன்னால் முதலாவது மட்டும் நிற்கும். அது கவனக்குறைவு என்று அடி விழுந்தால் மிச்சமும் போய்விடும்.

அடி விழும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் முகத்தில் கோபத்தை மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் அது உயிர்காக்கும் திறமை. வகுப்பில் நீங்கள் வெயிலுக்கு முகம் சுளித்தாலும் அவன் தனக்கு வரப்போகிற அடியாக அதை வாசிக்கலாம். "எனக்குத் தலையிடி, உன்னோடு கோபமில்லை" என்று வாயால் சொல்லிவிடுங்கள். சின்ன விடயம்தான், ஆனால் தினமும் உதவும்.

இவை அனைத்தும் அச்சத்தின் பக்கம். கவனிப்பே கிடைக்காமல் போவது இன்னொரு பக்கம், அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தாய் மத்திய கிழக்கில், தகப்பன் கூலி வேலையில், அம்மம்மாவுக்குக் கண் தெரியாது என்று வளரும் கைக்குழந்தையிடம் யாரும் கதைப்பதில்லை. ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து எடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்ட குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்கள் பல விடயங்களில் கூடுதலாக மீண்டார்கள். பிந்திக் கிடைத்தவர்களுக்கும் பயன் இருந்தது. எனவே இரண்டு வயது தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று எவரும் கைவிட வேண்டியதில்லை. குழந்தை சத்தம் போட்டால் திரும்பிப் பதில் சத்தம் போடும் ஒரு பெரியவர் வேண்டும். அது அம்மப்பாவாக இருந்தாலும் போதும்.

வன்னியில் ஒரு பிள்ளை குழம்பினால் "யுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போவது எங்களுக்குப் பழகிப்போன விடை. இந்தப் பையன் 2009க்குப் பிறகு பிறந்தவன். யுத்தத்துக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்லவரவில்லை. 2009இல் வெளிவந்த ஆய்வொன்று வடகிழக்கின் தமிழ்ப் பகுதிப் பாடசாலைப் பிள்ளைகள் 420 பேரைப் பார்த்தது. 92 வீதமானோர் குண்டுவீச்சு, ஷெல், நெருங்கியவரின் சாவு போன்ற கடும் அனுபவங்களுக்கு முகம் கொடுத்திருந்தார்கள், நாலில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் (PTSD) இருந்தது. அந்த வயதுப் பிள்ளைகள்தான் இன்றைய பெற்றோர், இன்றைய ஆசிரியர்கள். முள்ளிவாய்க்காலையும் மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரங்களையும் பிள்ளைப் பருவத்தில் கடந்தவர்கள் இப்போது குடும்பம் நடத்துகிறார்கள். மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதும்போது கூட்டு மனவடு என்று சொன்னது இதைத்தான்: காயம் ஆளோடு நிற்காமல் குடும்பத்திலும் ஊரிலும் இறங்குகிறது. சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வு யுத்தம், சுனாமி இரண்டோடும் சேர்த்து வீட்டு வன்முறையையும் பாதிப்புக்குக் காரணமாகக் கண்டது. தகப்பனின் குடியும் குடும்பம் பட்ட யுத்த அனுபவமும் வீட்டு வன்முறையோடு சேர்ந்தே காணப்பட்டன.

அதனால் என் கருத்து இது: வீட்டில் அடி தொடரும்வரை எந்த உளவளத்துணையும் பாதிதான் வேலை செய்யும். ஒருமுறை நடந்து முடிந்த விபத்துக்குப் பின் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தாமாகவே தேறுவார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் அடி நடந்தால் தேறுவதற்கு நேரமே இல்லை. முதலில் தாயைத் தனியாகச் சந்தியுங்கள், மற்ற ஆசிரியர்கள் முன்னால் வேண்டாம். சண்டை தொடங்கினால் பிள்ளை எந்த வீட்டுக்கு ஓட வேண்டும், அந்த வீட்டுக்காரருக்கு அது தெரியுமா, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எங்கே இருக்கின்றன, யார் போன் எடுப்பது என்று நான்கையும் கதைத்து முடிவு செய்யுங்கள். தாயைக் காப்பாற்றும் வேலை பிள்ளையுடையது அல்ல என்று அவனிடமும் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையன்கள் பலர் அதைத் தங்கள் கடமை என்று நினைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் பெண்கள் விடயங்களுக்கான உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது. தகப்பனின் குடியை மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டலாம். ஒன்று கவனம்: நாளாந்தம் நிறையக் குடிப்பவர் திடீரென்று முற்றாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், வைத்தியரின் மேற்பார்வை தேவை.

வகுப்பறைக்கு வருவோம். அவனுடைய கதிரையைச் சுவருக்கு முதுகு காட்டி, வாசல் தெரியும்படி போடுங்கள். பின்னால் யாரும் நடமாடாத இடத்தில் அமிக்டலாவுக்குக் காவல் வேலை குறையும். அன்றைய பாடங்களை வரிசையாகக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, முடிந்ததை அழியுங்கள். அடுத்தது என்ன என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் இறங்கிவிடும். மணி அடிக்கும் முன், பக்கத்துக் கோயில் திருவிழா வெடி போடும் முன், மிதிவெடி அகற்றுபவர்கள் வெடிக்கவைக்கப் போகிறார்கள் என்று அறிவித்திருந்தால் அதற்கு முன், அவனுக்குச் சொல்லுங்கள். கட்டளையை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை, உதாரணமாகக் காலையில் பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவன் பொறுப்பில் இருக்கட்டும். தடியை எடுக்கவே வேண்டாம். கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடற்தண்டனையைத் தடை செய்தது ஒரு பக்கம். தடியைக் கண்டதும் அவன் மூளை வீட்டுக்குப் போய்விடும் என்பது மறுபக்கம்.

மேசைக்குக் கீழே போய்விட்டால் இழுத்து எடுக்காதீர்கள். நீங்களும் கீழே குந்துங்கள், நேரெதிரே அல்ல, சற்றுப் பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில். குரலைத் தாழ்த்தி அவன் பெயர், இடம், கிழமை சொல்லுங்கள்: "நீ பள்ளிக்கூடத்தில இருக்கிறாய். இண்டைக்குச் செவ்வாய். காத்துக்குக் கதவு அடிபட்டது." பாதத்தை நிலத்தில் அழுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து சாமான்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்ல வேண்டாம், சில பிள்ளைகளுக்கு மூடிய கண்ணுக்குள்தான் காட்சி ஓடும். பிறகு மூச்சு: மூன்று எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விடுவது. வெளியே விடும் மூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை பிடிபடாது, பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதவிட்டால் மூச்சு தானாக நீளும். கடதாசிப் பையை முகத்தில் வைத்து மூச்சு விடச் செய்யும் வழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுறுத்தல். இந்தப் பயிற்சிகளை அமைதியான நாட்களில் முழு வகுப்புக்கும் விளையாட்டாகப் பழக்கிவையுங்கள். வெருண்ட நேரத்தில் புதிதாக எதையும் கற்க முடியாது.

நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டுப் பிழைத்துப்போகும் வேலைகள் சில உண்டு. "நடந்ததைப் படமாக வரை" என்று முழு வகுப்பிடமும் சொல்வது அதிலொன்று. மனத்தைத் திறந்துவிட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு அனுப்பினால் அந்த இரவு அந்தப் பிள்ளையோடு யார் இருப்பது? "என் அப்பா" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுப்பதும் அப்படித்தான். மூன்று தலைப்புக் கொடுத்துத் தெரிவு செய்ய விடுங்கள். அனர்த்தம் நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையும் பயன் தராதது, பரிந்துரைக்கப்படுவதுமில்லை. குழு நிகழ்ச்சிகளும் எல்லோருக்கும் ஒத்துவரும் என்றில்லை. யாழ் மாவட்டத்தில் 399 பிள்ளைகளோடு, 5 வாரத்தில் 15 அமர்வாக நடந்த பாடசாலைத் திட்டமொன்றை 2012இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒட்டுமொத்தமாகப் பெரிய பயன் தெரியவில்லை, சில பிரிவினருக்கு மட்டும் சில நன்மைகள், பெண் பிள்ளைகளில் மனவடு அறிகுறிகள் குறைவது மெதுவாகவும் இருந்தது. பாட்டும் விளையாட்டும் நல்லவை. ஆனால் அவற்றைச் சிகிச்சை என்று கணக்குக் காட்டக் கூடாது. கிளித்தட்டும் கொக்கான் வெட்டுவதும் பிள்ளைக்குப் பிள்ளைப் பருவத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன, அந்தளவில் அவற்றுக்கு மதிப்பு உண்டு.

இரவு நேரம் தாயின் கையில். படுக்கும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். போன் படுக்கைக்கு வர வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் டோர்ச் இருக்கட்டும். யானைவெடி கேட்டால் தாய் சத்தம் எது என்று உடனே பெயர் சொல்ல வேண்டும்: "அது வயல்காரர் ஆனைக்குப் போட்ட வெடி." கெட்ட கனவு பெரும்பாலும் இரவின் பின்பாதியில் வரும், எழும்பினால் பிள்ளைக்கு நினைவிருக்கும். பகலில் அந்தக் கனவுக்கு அவனே வேறு முடிவு கண்டுபிடித்து, வரைந்து, சில நாட்கள் மனத்தில் ஓட்டிப் பார்த்தால் பலருக்குக் குறையும். முன்னிரவில் கண் திறந்து கத்தி, காலையில் ஒன்றுமே நினைவில்லாமல் இருப்பது வேறு வகை. அதில் எழுப்ப வேண்டாம், விழுந்து அடிபடாமல் பார்த்தால் போதும். படுக்கை நனைப்பதற்கு அடியோ கேலியோ கூடாது. பகலில் தண்ணீரைக் குறைக்காமல், படுக்கமுன் ஒருக்கால் சலம் கழிக்க அனுப்புங்கள். முன்பு காய்ந்திருந்து புதிதாக நனைக்கத் தொடங்கியவன் என்றால் சலச் சோதனையும் செய்யுங்கள். கிருமித் தொற்றோ நீரிழிவோ இருக்கலாம், எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டக் கூடாது. அதேபோல் காதும் கண்ணும் பார்க்கப்பட வேண்டும், இரத்தச்சோகைக்கும் சோதிக்க வேண்டும். காது சீழ் வடியும் பிள்ளை கட்டளையைக் கேட்காததற்கு அமிக்டலாவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்வது நாளுக்குப் பல தடவை நடந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

நூல் கட்டுவதையும் திருநீறு போடுவதையும் தடுக்க வேண்டியதில்லை. வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வரும் தாயின் மனம் இறங்கினால் பிள்ளையின் மனமும் இறங்கும். பேய் ஓட்டுகிறேன் என்று அடித்தால், புகை போட்டால், வலிப்பு மருந்தை நிறுத்தச் சொன்னால் மட்டும் குறுக்கே நில்லுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கிய போராட்டத்துக்கு அம்மம்மாவோடு போய் வந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். "மாமா வெளிநாட்டில" என்று பொய் சொன்னால் ஒருநாள் வகுப்புத் தோழன் உண்மையைச் சொல்லிவிடுவான். "எங்களுக்குத் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறம், உன்னைப் பார்க்க நாங்கள் இருக்கிறம்" என்பது வயதுக்கேற்ற உண்மை. முள்ளிவாய்க்கால் நினைவு வரும் மே மாதம் நெருங்கும்போது பெரியவர்கள் குழம்புவார்கள், பிள்ளைகள் காரணம் தெரியாமல் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஏன் கஞ்சி காய்ச்சுகிறோம், ஏன் அம்மம்மா அழுகிறா என்று முன்கூட்டியே இரண்டு வசனத்தில் சொன்னால் போதும். அந்த வாரம் தவணைச் சோதனை வைக்காமல் இருந்தால் ஆசிரியர்களுக்கும் நல்லது. அவர்களும் அங்கே இருந்தவர்கள்தானே.

பிள்ளை பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால் வழி வேறு. துருவிக் கேட்காதீர்கள், "பிறகு?" என்பதற்கு மேல் கேள்வி வேண்டாம். அவன் சொன்ன சொல்லையே எழுதி, திகதி போடுங்கள். "ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைக் காப்பாற்றக்கூடிய ஆளிட்ட மட்டும் சொல்லுவன்" என்று சொல்லுங்கள். நடந்து 72 மணித்தியாலத்துக்குள் என்றால் உடுப்பைத் தோய்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், சில தடுப்பு மருந்துகள் அந்த நேரத்துக்குள்தான் பயன்படும். ஊர்ப் பெரியவர்கள் "சமாதானமாப் போவம்" என்று வருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எப்போது மேலே அனுப்புவது? நித்திரை, சாப்பாடு, விளையாட்டு, படிப்பு ஆகிய நான்கையும் கொப்பியில் வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். பாதுகாப்பு ஏற்பாடு செய்த பின்பும் ஒரு மாதம் தாண்டி இரண்டு மூன்று அப்படியே கெட்டிருந்தால் அனுப்புங்கள். சாகவேண்டும் என்ற பேச்சு, தன்னை வெட்டிக்கொள்வது, பேச்சு நின்றுபோவது என்றால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. குழப்படி செய்யும் பையன்தான் எல்லோர் கண்ணிலும் படுவான். மூலையில் சத்தமில்லாமல், கொப்பி அழகாக வைத்துக்கொண்டு இருக்கும் பெண் பிள்ளையையும் ஒருதரம் பாருங்கள்.

சிகிச்சை என்றால் என்ன நடக்கும் என்று தாய் பயப்படுவார். மனவடுவுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் பிள்ளையோடும் பராமரிப்பவரோடும் பல வாரங்கள் படிப்படியாகக் கதைப்பார். இன்னொரு முறையில் நிலத்தில் ஒரு கயிற்றை வாழ்க்கைக் கோடாக விரித்து, நல்ல நாட்களுக்குப் பூவும் கெட்ட நாட்களுக்குக் கல்லும் வைத்து, பிறந்ததிலிருந்து இன்றுவரை வரிசையாகச் சொல்லவைப்பார்கள். இடமும் காலமும் தவறிப்போன நினைவுக்கு அவற்றைத் திரும்ப எழுதும் வேலை அது. சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் உளவளத்துணையாளர்களே 6 அமர்வுகளில் இதையோ தியான-தளர்வுப் பயிற்சியையோ கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் முதற்பிரிவில் 81 வீதமானோரும் மற்றதில் 71 வீதமானோரும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை சிறிது, ஆனாலும் எங்கள் ஊர் ஆட்களால் முடியும் என்பதற்கு அது சாட்சி. கடைக்குப் போய் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. கிளினிக் நாளைக் கேட்டறிந்து, பஸ் காசுக்கு வழி பார்த்து, தாயோடு அனுப்புங்கள். கையில் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: எப்போதிருந்து, எதைக் கேட்டால் அல்லது கண்டால் வெருளுகிறான், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, நித்திரை எப்படி, வகுப்பில் எதனால் அமைதியாகிறான். நோயின் பெயர் எதையும் நீங்கள் எழுத வேண்டாம். வீட்டு வன்முறை பற்றிய விபரத்தைத் தகப்பன் திறந்து வாசிக்கக்கூடிய கடிதத்தில் போடாதீர்கள், அதை வைத்தியரிடமோ உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ நேரில் அல்லது தொலைபேசியில் சொல்லுங்கள்.